மரத்துல மாடி வீடு: தீயை விட தண்ணிக்குத்தான் பயப்படணும்

வணக்கம் மக்களே! மரத்துல எட்டு மாடி கட்டலாம்னு சொன்னா, நம்ம வேலூர்ல உடனே ரெண்டு கேள்வி வரும். தீப்பிடிச்சா? கரையான் அரிச்சா? யாரும் கேக்காத மூணாவது கேள்விதான் பெருசு: கட்டும்போது மழை பேஞ்சா?

தீயை முதல்ல பாத்துடுவோம். இது பழைய வீடு இடிச்ச இடத்துல வாங்கின வேப்ப உத்தரத்துண்டு. ஒரு பக்கத்தை மட்டும் அடுப்புல எரிய விட்டேன். ஆணியால சுரண்டுறேன், பாருங்க. கரி உதிருது... உதிருது... இதோ, இங்க ஆணி இறங்கல. உள்ள மரத்தோட நிறம் கூட மாறல. மேல படியுற கரியே உள்ள சூடு போகாம தடுக்குது. பைன் மாதிரி மரம் நிமிஷத்துக்கு சுமாரா 0.7 மில்லிமீட்டர்தான் கரியாகும். ஒரு மணி நேரம் எரிஞ்சா 4 சென்டிமீட்டர். அந்தக் கணக்குக்கு ஏத்த மாதிரி தடிமனைக் கூட்டி வெச்சுதான் கட்டுறாங்க.

கரையானுக்கு அஸ்திவாரத்துலயே மருந்து அடிக்கிறது நம்ம மேஸ்திரிங்களுக்குத் தெரிஞ்ச வேலை. கூடவே மரம் மண்ணைத் தொடாம பாத்துக்கணும். இவ்ளோ உயரமா மரத்துல நிக்குமான்னு கேட்டா, கனடா வான்கூவர்ல ப்ராக் காமன்ஸ்னு 18 தள மாணவர் விடுதி இருக்கு, 2017-ல திறந்தது. தரைத்தளமும் லிஃப்ட், படிக்கட்டு சுவரும் கான்கிரீட். மேல இருக்கற 17 தளமும் மரம்.

இப்ப தண்ணிக்கு வருவோம். இங்கதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும். இந்தக் கட்டடங்களுக்கு சி.எல்.டி. பலகை போடுறாங்க. பலகைங்களை குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, பசை போட்டு அழுத்தினது, தடியான பிளைவுட் மாதிரி. ஃபேக்டரியை விட்டு வரும்போது ஈரம் 12 சதவீதம் கிட்ட இருக்கும். 20-க்கு மேல ஏறி அப்படியே நின்னுச்சுன்னா பூஞ்சை பிடிச்சு உளுத்துப் போயிடும். ஐப்பசி மழையில பாதி எழும்பின மரக் கட்டடம் திறந்து கிடந்தா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஃபேக்டரியிலேயே அறையை முழுசா முடிச்சு எடுத்துட்டு வர்றது இதுக்குத்தான் பெரிய பலம். பின்லாந்துல யூவாஸ்கூலா ஊர்ல பூக்குவோக்கான்னு 8 மாடி குடியிருப்பு, 2015-ல முதல் கட்டடம் முடிஞ்சது. ஒரு வீட்டுக்கு ரெண்டே பெட்டி. ஹால், பெட்ரூம், பால்கனி ஒரு பெட்டி. சமையலறை, பாத்ரூம், வாசல் பக்கம் இன்னொண்ணு. கூரைக்கு அடியில செஞ்சு, மூடி, லாரியில கொண்டு வந்து கிரேன்ல அடுக்கிட்டாங்க. சைட்ல ஒரு கட்டடத்துக்கு ஆறு மாசம்தான் வேலை. நம்ம ஊர்ல சென்ட்ரிங் அடிச்சு, கான்கிரீட் போட்டு, தண்ணி தேக்கி ஒவ்வொரு தளமா ஏத்துற காலத்தை நினைச்சுப் பாருங்க. பாலாறு வறண்டு கிடக்குற ஊர்ல அந்தத் தண்ணியும் மணலும் மிச்சமாகுறது எனக்கு சின்ன விஷயமாத் தெரியல.

ஆனா காந்தி ரோடு பக்கத்து சந்துங்கள்ல இது நடக்காது. சி.எம்.சி.க்கு வர்ற நோயாளிங்க தங்குற லாட்ஜெல்லாம் நெருக்கி நிக்குது, ஆட்டோ திரும்பவே இடமில்ல, ஒரு முழு அறையைத் தூக்கிட்டு லாரி எப்படி நுழையும்? அங்க தட்டையான பலகையா கொண்டு போய் நிறுத்துறதுதான் வழி. சத்துவாச்சாரி பக்கம், ஹைவே ஓரத்துல மனை இருந்தா பெட்டி தாராளமா வரும்.

மரத்துக்கு எங்க போறது? நம்ம விவசாயிங்க சவுக்கு, மலைவேம்பு போடுறாங்க. அது காகிதத்துக்கும் பிளைவுட்டுக்கும் போகுது. அதுல தடிமனான பலகை செஞ்சு, பலம் சோதிச்சு, சான்று வாங்குற வேலை முதல்ல நடக்கணும். மத்திய பொதுப்பணித்துறையே கட்டுமானத்துல மரத்துக்குப் போட்டிருந்த தடையை 2020-ல எடுத்துடுச்சு.

சொந்த வீட்டுக்கு கடன் வாங்கி இதுல இறங்குங்கன்னு இன்னிக்கு நான் சொல்ல மாட்டேன். வீட்டுவசதி வாரியம் மாதிரி ஒரு அரசு அமைப்பு, நோயாளியோட வர்றவங்க மாசக்கணக்குல தங்குற மாதிரி நாலு மாடியில ஒண்ணு கட்டட்டும். சுவருக்குள்ள ஈரமானி பதிச்சு, ரெண்டு மழைக்காலத்து அளவை எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடட்டும். அந்த அளவு வந்த அன்னிக்கு நானே மேஸ்திரி, ஆசாரிங்களைக் கூட்டிட்டுப் போய் அங்க நின்னு வீடியோ போடுறேன்.