இனிஷியலில் சிக்கிய ஆயிரம் ரூபாய்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வருவதற்கு முன்னால் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, "சார், என் மகளுக்கு ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது அம்மா, ஒன்றிரண்டு அல்ல, நிறையவே இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே காலத்தைக் கழித்தவன் நான். தகுதி இல்லாமல் உதவித்தொகையை இழந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். தகுதி இருந்தும் காகிதம் சரியில்லாமல் இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்பது முழுப்பெயர். ஆசிரியர்கள் வாயில் அது என்எம்எம்எஸ். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகள் எழுதலாம், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறனுக்கு 90 மதிப்பெண், பாடத்துக்கு 90. மனத்திறன் என்றதும் பயப்பட வேண்டாம். எண்தொடரில் விட்டுப்போன எண், கண்ணாடியில் தெரியும் உருவம், இப்படித்தான் கேட்பார்கள். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழகினால் கை வந்துவிடும். வகுப்பில் சுமாராகப் படிக்கிற பையன் இதில் முந்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் உண்டு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. தமிழ் நன்றாக வருகிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

கல்லூரிக்குப் போனதும் புதுமைப்பெண். இதன் கதையைக் கொஞ்சம் சொல்ல ஆசை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம், தாலிக்குத் தங்கம் கொடுப்பார்கள். 2022 செப்டம்பரிலிருந்து அதே அம்மையார் பெயரில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று மாறியது. தாலிக்குப் போன பணம் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் போகிறது, எனக்கு அதில் ஒரு சந்தோஷம். பையன்களுக்கும் இதே போல மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் புதுமைப்பெண்ணில் சேர்த்தார்கள்.

சரி, இப்போது காகிதத்துக்கு வருகிறேன்.

ஒரு பெண், கவிதா என்றே வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றிதழில் எம். கவிதா. ஆதாரில் கவிதா மாரிமுத்து. வங்கிப் புத்தகத்தில் வெறும் கவிதா. நமக்கு மூன்று பேரும் ஒரே பிள்ளைதான். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். இனிஷியல் போடுகிற பழக்கம் நம்முடையது, குடும்பப் பெயர் கேட்கிற படிவம் எங்கேயோ இருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் ஆதாரையும் பள்ளிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

இன்னொரு மாணவி, முதலாம் ஆண்டு. ஆறு மாதம் புதுமைப்பெண் பணம் வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். கல்லூரியில் கேட்டால் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். தோண்டிப் பார்த்தால், கடையில் சிம் கார்டு வாங்கியபோது ஆதாரைக் கொடுத்து விரல் வைத்திருக்கிறாள், அதோடு ஒரு கணக்கும் திறந்திருக்கிறார்கள். அவளுக்கே தெரியாது. ஆதார் வழியாக அனுப்புகிற அரசுப் பணம் நாம் எழுதிக்கொடுக்கிற கணக்கு எண்ணுக்கு வருவதில்லை, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அங்கே போய்விடும். ஆறாயிரம் ரூபாயும் அங்கே பத்திரமாக இருந்தது. நல்லவேளை!

வருமானச் சான்று இ-சேவையில் அறுபது ரூபாய்தான். ஆனால் விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று நகர்ந்து வர நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். அதற்கு ஆயுள் ஒரு வருஷம். போன வருஷத்துச் சான்றை மேலேற்றிவிட்டு 'ரிஜெக்ட்' என்று வந்ததும் கவர்மெண்டைத் திட்டுகிறவர்கள் உண்டு. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் எடுங்கள். தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அப்புறம், வாட்சப்பில் "உதவித்தொகை தேர்வாகிவிட்டது, ஐந்நூறு ரூபாய் ஜிபே பண்ணுங்க" என்று வந்தால் அது திருட்டு. தேர்வுக் கட்டணத்தைப் பள்ளி வழியாகக் கட்டுவது வேறு, இது வேறு.

ஊர்க் காரியத்துக்குப் பணம் கேட்டு இளைஞர் மன்றத்துத் தம்பிகளும் வந்திருக்கிறார்கள். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஊர் போட வேண்டும், மீதி அரசு. கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் டிரஸ்ட் பதிவு, வருமான வரித் துறையில் வாங்குகிற 12ஏ, 80ஜி பதிவுகள், அதற்கு மேல் சிஎஸ்ஆர்-1 என்று ஒரு படிவம், எல்லாம் வேண்டும். பெரும்பாலும் மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கும் கேட்பார்கள். நேற்று ஆரம்பித்த மன்றத்துக்கு அந்தக் கதவு திறக்காது தம்பி. முதலில் ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள், அன்னதானத்துக்கு வாங்கிய அரிசிக்கும் பில் வையுங்கள்.

போதும், பேசிக்கொண்டே இருந்தால் கரண்ட் போய்விடும். நூலகர் அந்த மூலையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருக்கிறார். உங்கள் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. பதிவு செய்த போனுக்கு ஓடிபி வரும். அந்த நம்பர் அப்பா போனில் இருந்தால், இப்போதே கூப்பிட்டு, போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.