தனிக்குழலில் தூரத்தை வாசிப்பது

அவையோருக்கு வணக்கம். மலை, கடல், காற்று என்று இயற்கையிலிருந்து பிறந்த தனிக்குழல் படைப்புகளை எடுத்தவுடனே பலரும் அலையையும் பறவையையும் அப்படியே ஊதிக்காட்டப் பார்க்கிறார்கள். நல்ல நவீனப் படைப்புகள் அதைக் கேட்பதில்லை; தூரத்தைத்தான் கேட்கின்றன. மேற்கத்தியக் குழலில் தூரம் என்பது ஸ்வரத்தில் எவ்வளவு வெறுங்காற்றைக் கலக்கிறோம் என்பதுதான்.

இத்தாலியின் சால்வத்தோரே ஷர்ரீனோ 1977-இல் ஆல்டோ குழலுக்கு (வழக்கமான குழலைவிட நீளமானது, தாழ்ந்து ஒலிப்பது) எழுதிய 'ஆல்லவுரே இன் ஊனா லொந்தனான்சா'வை எடுத்துக்கொள்ளுங்கள். இளங்காற்றைப் பற்றியது, காதுக்கு எட்டும் எல்லையிலேயே நடமாடுவது. இதற்கு வேண்டிய காற்றொலிக்கு, குழலைச் சற்று வெளிப்பக்கம் உருட்டி, உதட்டிடைவெளியை அகலமாக்கி, மெதுவாக ஊத வேண்டும். சீறலுக்குள் ஸ்வரத்தின் சாயல் மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் உதடு அகன்றால் மூச்சு சீக்கிரம் தீரும். வழக்கமான தொனியில் ஒரே மூச்சில் முடியும் வரி இங்கே பாதியில் நின்றுவிடும். ஆகவே மூச்செடுக்கும் இடங்களைக் காற்றொலியோடு வாசித்துப் பார்த்தே பென்சிலால் குறியுங்கள்.

விசில் ஒலி இன்னும் வம்பு. உதட்டில் மிகச் சிறிய துளை, மிக மெல்லிய காற்று. கீழ் ஸ்வர விரலடைப்பில் ஊதினால் வேகம் இம்மியளவு மாறினாலும் ஒலி பக்கத்து இசைக்கூறுக்கு, அதாவது அதே விரலடைப்பில் பிறக்கும் இன்னொரு ஸ்வரத்துக்கு, தாவிவிடும். மேல் ஸ்தாயி விரலடைப்பில் தொடங்கினால் எளிதில் நிற்கும். அரங்கின் ஏசி இரைச்சலில் இது அடியோடு மூழ்கும். அணைக்கச் சொல்லுங்கள். அணைத்தபின் அறை சூடேறினால் டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) சுருதி ஏறும். தனியாக வாசிப்பவருக்கு அது பொருட்டில்லை, பதிவுசெய்த ஒலியோடு வாசிப்பவருக்குத்தான் தலைவலி.

சில படைப்புகள் நாக்கடியும் கேட்கும். ஊதுதுளையை உதடுகளால் முழுக்க மூடி, நாக்கை அதற்குள் சட்டென்று அடித்தால், விரல் பிடித்த ஸ்வரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். குழலின் ஒரு முனை அடைபட்டுப்போவதே காரணம். உதட்டோரம் கசிந்தால் வெறும் 'தப்'தான்.

ஃபின்லாந்தின் கையா சாரியாஹோவின் 'லாகொனிஸ்ம் த லெல்' (1982) பறவைகளைப் பற்றிய உரைவரிகளைப் பேசுவதில் தொடங்குகிறது. பேச்சு கிசுகிசுப்பாகி, கிசுகிசுப்பு குழலொலியாக வேண்டும். இடையில் குழலைத் தூக்கினால் அந்த இழை அறுந்துவிடும். உதட்டுத்தகடு, அதாவது ஊதுதுளையைச் சுற்றியுள்ள தகடு, முதலிலேயே தாடையில் இருக்கட்டும்.

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைத்தால் காற்று அதில் மோதிப் படபடக்கும். சற்று மேலே, பக்கவாட்டில் வையுங்கள். ஷர்ரீனோவுக்கு ஒலிவாங்கியே வேண்டாம், ரசிகர்களை அருகில் உட்கார வையுங்கள் என்பேன்.

நிலக்காட்சி இசைதானே என்று திறந்தவெளிக்குப் போகிறவர்களும் உண்டு. பக்கக்காற்று, உதட்டிலிருந்து கிளம்பும் காற்றிழையைத் துளைவிளிம்பில் படவிடாமல் திருப்பிவிடும். மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஓரளவு சமாளிக்கலாம். ஷர்ரீனோவை மட்டும் அங்கே எடுக்காதீர்கள்.