சிறுநீரக நோயாளிக்கு எந்தப் பால்?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்ததும் "பால் ஆகாது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கே பசும்பாலை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப் பாலுக்கு மாறுகிற வீடுகள் உண்டு. காவேரிப்பட்டினம் பக்கம் தேங்காய்க்கா பஞ்சம்!

கணக்கைப் பார்ப்போம். 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் பொட்டாசியமும் 200 மில்லிகிராம் பாஸ்பரஸும் இருக்கின்றன. பழுதான சிறுநீரகத்தால் இவற்றைச் சரிவர வெளியேற்ற முடியாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். பாஸ்பரஸ் ஏறினால் எலும்பு பலவீனமாகும், உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் தேங்காயைத் துருவிப் பிழிந்த கெட்டியான முதல் பாலில் பொட்டாசியம் பசும்பாலை விட அதிகம், பாஸ்பரஸும் குறைவில்லை. அதற்கு மாறியதில் என்ன லாபம்?

சரி, பாதாம் பால்? கடையில் சூடாக ஆற்றித் தருகிற பாதாம் பால் சர்க்கரை போட்ட பசும்பால்தான். பாதாமை ஊறவைத்து அரைத்து நீர்க்க வடிகட்டியது வேறு. அதில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டுமே குறைவு. அரிசிப் பாலும் அப்படித்தான், ஆனால் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அது சரிவராது. சோயா பாலில் பொட்டாசியம் பசும்பால் அளவுக்கு வந்துவிடும். நம் ஊர் ராகியை ஊறவைத்து அரைத்து எடுத்த பால், இரண்டு ஸ்பூன் ராகி அளவில் என்றால், பெரும்பாலோருக்குப் பரவாயில்லை. எதைக் குடித்தாலும், மருத்துவர் சொன்ன அன்றைய தண்ணீர் அளவில் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் வாங்கினால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தே ஆகவேண்டும். 339, 340, 341 என்ற எண்களோ, பாஸ்பேட் என்ற பெயரோ இருந்தால், அது தொழிற்சாலையில் சேர்த்த பாஸ்பரஸ்; வாங்காமல் வைத்துவிடுங்கள். இயற்கையாகப் பாலில் உள்ள பாஸ்பரஸில் பாதியளவுதான் உடம்பில் சேரும். தொழிற்சாலையில் சேர்த்தது ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். பாதாம், ஓட்ஸ் பாக்கெட்டுகள் பலவற்றில் இது உண்டு. டீக்குப் போடும் பால் பொடியிலும் பாருங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். பாதாம் பாலிலும் அரிசிப் பாலிலும் அது பேருக்குத்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் இருந்தால் அரை டம்ளர் பசும்பாலே அவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. மருத்துவரிடம் போகும்போது அந்த ரிப்போர்ட்டோடு, நீங்கள் வாங்கும் பால் பாக்கெட்டின் காலி உறையையும் எடுத்துப் போங்கள்.