பணி முடிந்த நாய்க்கு யார் பொறுப்பு?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன், இடையில் கடலோரத் தண்டவாளத்தில் தொடருந்து போகும் ஓசை கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். படை நாய்களைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் அவற்றின் பாய்ச்சலையும் துணிவையும் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. பணி முடிந்த பின்னர் அந்த நாய்களுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நமக்கு நெருக்கமான பணியிலிருந்து தொடங்குகிறேன். வடக்கில் மக்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்புவதற்காக மிதிவெடி அகற்றியவர்களுடன் நாய்களும் களத்தில் இறங்கின. உலோகம் கண்டறியும் கருவி ஆணிக்கும் தகரத்துண்டுக்கும் எறிகணைச் சிதறலுக்கும் ஒன்றுபோலவே ஒலி எழுப்பும். சண்டை நடந்த மண்ணில் இவை நிறைந்து கிடக்கும். நாய் தேடுவது உலோகத்தை அல்ல, வெடிமருந்திலிருந்து கசிந்து மண்ணின் மேற்பரப்புக்கு வரும் மிக நுண்ணிய வாசனையை. ஆகவே உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் மிதிவெடியையும் அதனால் கண்டுகொள்ள முடியும். நீண்ட கயிற்றில் நேர்கோடாக நடந்து செல்லும் நாய், வாசனை பிடிபட்டதும் குரைக்காமலும் பிறாண்டாமலும் அப்படியே அமர்ந்துவிட வேண்டும் என்று பழக்கப்படுகிறது. ஏனெனில் காலால் ஒரு முறை கிளறினாலே வெடித்துவிடக்கூடும். வெயில் ஏறி நாய்க்கு மூச்சிரைக்கத் தொடங்கினால் மோப்பம் குன்றும் என்பதால், வெப்பமான நிலங்களில் இந்த வேலையைக் காலையிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். அந்த மண்ணில் இன்று தோட்டம் செய்பவர்கள் இந்த நாய்களுக்கும் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இத்தகைய உழைப்புக்கு உலகம் எப்போதும் நன்றி காட்டியதில்லை. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையோடு ஏறத்தாழ 4,000 நாய்கள் பணியாற்றின. அவற்றுள் நாடு திரும்பியவை சில நூறுகூட இல்லை. உபரித் தளவாடம் என்று கணக்கெழுதி, சிலவற்றைத் தென் வியட்நாம் படையிடம் கையளித்தார்கள். பலவற்றைக் கருணைக்கொலை செய்தார்கள். தன் உயிரைக் காத்த நாயை விட்டுவிட்டு விமானம் ஏறிய வீரர்கள் அந்தத் துயரைப் பல ஆண்டுகள் சுமந்தார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பரில்தான், ஓய்வுபெறும் படை நாயை அதன் முன்னாள் பயிற்றுநர் உள்ளிட்டோர் தத்தெடுக்க வழிசெய்யும் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அச்சட்டத்துக்குக் காரணமான ரொபி என்ற நாய், மூட்டு நோயால் மிகவும் நலிந்திருந்த நிலையில், 2001 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

போரிலிருந்து திரும்பியவருக்கு நாய் எவ்வாறு துணையாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு (PTSD) என்ற உளநோயோடு வாழ்பவர், கடையில் வரிசையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரேனும் வந்தாலே பதறிப்போவார். பயிற்றப்பட்ட துணை நாய் அவருக்குப் பின்புறமாக நின்று இடைவெளி ஏற்படுத்தும். கெட்ட கனவில் துடிப்பவரைத் தட்டி எழுப்பும். பதற்றம் தலைதூக்கும் அறிகுறியைக் கண்டு தன் மூக்கால் இடித்து அவர் கவனத்தைத் திருப்பும். அமெரிக்காவில் 156 பேரை மூன்று மாதங்கள் கவனித்து 2024இல் வெளியான ஆய்வொன்றில், வழமையான சிகிச்சையோடு துணை நாயும் பெற்றவர்களுக்கு, நாய்க்காகக் காத்திருந்தவர்களைவிட நோயின் தீவிரம் குறைவாக இருந்தது. மருந்துக்கும் உளவளத்துணைக்கும் நாய் மாற்று என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது செலவைப் பற்றியது. பணியிலிருந்து ஓய்வுபெறும் நாய்க்குப் பெரும்பாலும் இடுப்பும் முதுகும் மூட்டுகளும் தேய்ந்திருக்கும். அமெரிக்கச் சட்டம் தத்தெடுக்கும் உரிமையைத் தந்தபோதும், மருத்துவச் செலவைத் தத்தெடுப்பவரின் தலையிலேயே வைத்தது. நாயோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பயிற்றுநருக்கே முதல் உரிமை கிடைக்க வேண்டும். வேலை வாங்கிய நிறுவனமே அதன் இறுதிக்காலம் வரை மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். இங்கே இலங்கையிலும் மோப்ப நாய்களை வைத்திருக்கும் ஒவ்வொரு படையும் அமைப்பும் இவ்விரண்டையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.