ஒரு மெகாபைட்டை விட்டுக்கொடுத்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சர்வரில் நான்கு பிராசஸர்களைப் பொருத்தினால் வேலை நான்கு மடங்கு நடக்குமா? பெரும்பாலும் நடக்காது. பிராசஸர் கணக்குப் போடச் சோம்புவதில்லை. கணக்குக்கு வேண்டிய எண் வந்து சேரத்தான் காத்துக்கிடக்கிறது. பக்கத்திலேயே உள்ள சின்ன, வேகமான சேமிப்பிடமான முதல் கேஷில் அந்த எண் இருந்தால் பிராசஸரின் நாலைந்து கடிகாரச் சுழற்சிகளில் கைக்கு வந்துவிடும். மெமரிவரை போனால் நூற்றுக்கணக்கில் ஆகும்.

இன்டெலின் பழைய சியான் சர்வர்களில் பிராசஸர்கள் பஸ் என்ற பொதுப் பாதையைப் பகிர்ந்துகொண்டுதான் மெமரிக்குப் போய்வந்தன. தெருவுக்கு ஒரே குழாய், வரிசையாகக் குடங்கள். நெரிசல் தாங்காமல் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டியதுபோல, கேஷைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். 2006இல் வந்த சியான் 7100 வரிசையில் அது 16 மெகாபைட் வரை போனது.

போட்டி நிறுவனமான ஏஎம்டி 2003 ஏப்ரலிலேயே வேறு வழி பிடித்துவிட்டது. அதன் ஆப்டெரான் பிராசஸரில், மெமரியோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருந்தது. பிராசஸரைப் பொருத்தும் இடமான சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். இரட்டைச் சாக்கெட் சர்வர்களில் இன்டெல் இந்த வழிக்கு வந்தது 2009இல்.

ஆனால் தனிக் குழாயோடு புதுத் தலைவலியும் வந்தது. ஓர் எண்ணைத் தொடுமுன், ‘இதைவிடப் புதிய பிரதி உங்கள் கேஷில் இருக்கிறதா?’ என்று மற்ற சாக்கெட்டுகளைக் கேட்க வேண்டும். இரண்டு சாக்கெட்டில் இது பெரிய பாரமில்லை. நான்கு, எட்டு என்று போகும்போது இணைப்புப் பாதையெல்லாம் கேள்வியும் பதிலுமாகவே நிறைந்துவிடும்.

2009 ஜூனில் வந்த, ஆறு கோர்கள், அதாவது ஆறு கணக்கிடும் பகுதிகள், கொண்ட ஆப்டெரானில் ஏஎம்டி செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. 6 மெகாபைட் மூன்றாம் அடுக்குக் கேஷில் ஒரு மெகாபைட்டை ஒதுக்கி, எந்தத் தரவின் பிரதி வெளியே போயிருக்கிறது என்ற பேரேடாக்கினார்கள். பேரேட்டில் பெயர் இல்லையென்றால் யாரையும் கேட்க வேண்டாம். கேஷ் குறைந்தது, நான்கு சாக்கெட் சர்வரின் மெமரி வேகம் கூடியது!

இவ்வளவு செய்தும் மென்பொருள் காலை வாரிவிடும். லினக்ஸ் இயங்குதளம், பக்கம் எனப்படும் ஒரு மெமரித் துண்டில் முதலில் எழுதுவது எந்தச் சாக்கெட்டோ, வழக்கமாக அதன் மெமரியிலேயே இடம் கொடுக்கும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், நிரல் தொடங்கும்போதே அதன் ஒரே த்ரெட், அதாவது ஒரே வேலை இழை, மொத்த மெமரியையும் பூஜ்யத்தால் நிரப்பியது. எல்லாம் ஒரு சாக்கெட் பக்கமே குவிந்தது. மற்ற சாக்கெட் ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது. அந்தந்த த்ரெட்டே தன் பங்கை நிரப்பட்டும் என்று மாற்றினோம், சரியாயிற்று.

அதற்குள் அவர்கள் கூடுதல் மெமரிக்குப் பணமே கட்டியிருந்தார்கள். வணக்கம்.