பஸ், ரயில், மறுபடியும் பஸ்: மச்சு பிச்சு போய்ச் சேரும் வழி

நேயர்களுக்கு வணக்கம்.

மச்சு பிச்சுவைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. பச்சை மலைமுகட்டில் இன்கா மக்கள் கட்டிய கல் வீடுகள், பின்னால் செங்குத்தாக ஒரு சிகரம். அந்தப் படத்தில் தெரியாத ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன். மலையடிவாரத்தில் மச்சு பிச்சு பூவெப்லோ என்று ஒரு சிற்றூர். அகுவாஸ் காலியெந்தெஸ் என்ற பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஊரிலிருந்து மலைமேல் ஏற பஸ் ஓடுகிறது, ஆனால் அந்த பஸ்களையே ரயிலில் ஏற்றித்தான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பெருவின் குஸ்கோ நகரத்திலிருந்து கிளம்பும் பயணி முதலில் சாலை வழியாக ஒல்லாந்தாய்தம்போ, அங்கிருந்து ரயிலில் மலையடிவாரம், அங்கிருந்து மறுபடியும் பஸ்ஸில் மேலே என்று போகவேண்டும். மூன்று வண்டியும் ஒழுங்காகவே ஓடுகின்றன. வண்டி மாறும் இடங்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் உயரக் கணக்கு. மலைமேல் இருக்கிற இடம் என்பதால் போகப்போக ஏறுவோம் என்று எல்லோரும் நினைக்கிறோம். இங்கே தலைகீழ். குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர். ஒல்லாந்தாய்தம்போ 2,800-ஐ ஒட்டி. ரயில் இறங்கும் ஊர் 2,040. மச்சு பிச்சு 2,430. நம் கணக்கில் சொன்னால், மச்சு பிச்சு ஊட்டிக்கு மேலே, தொட்டபெட்டாவுக்குக் கீழே. குஸ்கோவோ தொட்டபெட்டா உச்சியைவிட 750 மீட்டருக்கு மேல் உயரம். கடற்கரையில் இருக்கும் லிமாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் உங்களை அங்கே இறக்கிவிடும். தலைவலி, குமட்டல், இரவில் தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் வரும், மச்சு பிச்சுவில் இல்லை. அதனால் குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்தில் தங்காமல், நேரே வண்டி பிடித்து ஒல்லாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுவதே மேல். முதல் இரண்டு இரவு அங்கே தங்கி, மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, குஸ்கோ நகரத்தைக் கடைசியில் சுற்றலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

குஸ்கோவிலிருந்தே ரயில் இருக்கிறதே, பஸ் எதற்கு என்று கேட்கலாம். இருக்கிறது. 914 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை, நம் நீலகிரி மலை ரயிலின் மீட்டர் கேஜைவிடவும் ஒடுக்கம். குஸ்கோ ஒரு பள்ளத்தில் கிடக்கும் நகரம். அதிலிருந்து வெளியேற ரயில் மலைச்சரிவில் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று இசட் எழுத்தைப் போல ஏறவேண்டும். பார்க்க அழகு, நேரத்துக்குக் கேடு. மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை குஸ்கோவுக்கும் ஒல்லாந்தாய்தம்போவுக்கும் இடைப்பட்ட பாதையில் மண்சரிவு அபாயம் அதிகம். மேட்டுப்பாளையம், குன்னூர் பாதையில் வடகிழக்குப் பருவமழை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். அதே கதைதான், மாதம் மட்டும் வேறு.

அந்த மாதங்களில் ரயில் கம்பெனிகளே சீட்டை இரண்டாகப் பிரித்து விற்கும். 'பைமோடல்' என்று அச்சிட்டிருக்கும். குஸ்கோவிலிருந்து ஒல்லாந்தாய்தம்போ வரை கம்பெனி பஸ், அங்கிருந்து ரயில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. பெரூரெயில், இன்கா ரெயில் என்று இரண்டு கம்பெனிகள் ஓட்டுகின்றன. இரண்டின் பஸ்ஸும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பெரூரெயிலுக்கு குஸ்கோவின் வாஞ்சாக் நிலையம். நகரத்தில் சான் பெத்ரோ என்று இன்னொரு ரயில் நிலையம் இருக்கிறது, ஊருக்கு வெளியே பொரோய் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. விடியற்காலையில் டாக்சிக்காரரிடம் "ரயில் நிலையம்" என்று மட்டும் சொன்னால் மூன்றில் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடுவார். சீட்டில் உள்ள நிலையத்தின் பெயரைக் காட்டுங்கள்.

பைமோடல் சீட்டின் பெரிய லாபம் ஒன்று: பஸ்ஸும் ரயிலும் ஒரே கம்பெனியின் பொறுப்பு. நீங்களாக வேன் பிடித்துப் போய், வேன் தாமதமாகி ரயில் போய்விட்டால், அது உங்கள் பாடு. ஆனாலும் வேனில் போவது மலிவு, நேரமும் நம் கையில். கோலெக்திவோ என்பார்கள், நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன். குஸ்கோவில் பவித்தோஸ் தெருவில் நிற்கும். ஆள் நிரம்பினால்தான் புறப்படும் என்பதால் புறப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லை. சின்செரோ வழியாக அறுபது சொச்சம் கிலோமீட்டர், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

அந்தக் கணக்கில் கடைசி ஒரு கிலோமீட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தாய்தம்போ இன்கா காலத்துத் தெரு அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கும் ஊர். தரை முழுக்க உருண்டைக் கல் பாவியது. ஊருக்குள் நுழையும் தெருவில் ஒரு பெரிய பஸ் வந்தால் எதிரே வேன் ஒதுங்க இடமில்லை. காலையில் ரயிலுக்கு வரும் கூட்டமும், கோட்டை பார்க்க வரும் கூட்டமும் அங்கேதான் முட்டிக்கொள்ளும். ரயில் நிலையம் இருப்பதோ சதுக்கத்திலிருந்து இறங்கி, ஓடையை ஒட்டிய சாலையின் கடைசியில். வண்டி நகராமல் நின்றுவிட்டால் உட்கார்ந்து கடிகாரம் பார்க்காதீர்கள். சதுக்கத்தில் இறங்கி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம், அதுவும் இறக்கம். சக்கரம் வைத்த பெட்டி இந்தக் கல்லில் உருளாது. முதுகுப் பைதான் சரி.

பெட்டி என்றதும் சொல்லவேண்டியது: ரயிலில் கைப்பை அளவுக்குத்தான் அனுமதி. எடை, அளவு எவ்வளவு என்று சீட்டிலேயே இருக்கும். பெரிய பெட்டியை குஸ்கோ அல்லது ஒல்லாந்தாய்தம்போ விடுதியில் விட்டுவிட்டு, ஒரு இரவுக்கான துணியோடு போங்கள். திரும்பி வரும் ஆளின் பெட்டியை வைத்துக்கொள்வது அங்குள்ள விடுதிகளுக்கு அன்றாட வேலை.

ரயில் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் நிலையத்தில் இருக்கவேண்டும். வாசலில் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இருக்கை எண் போட்டே கொடுப்பார்கள். போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் யோகம், உருபம்பா ஆறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் ஓடும். சுமார் 43 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒற்றைப் பாதை, எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கவேண்டும், மலையையும் ஆற்றையும் ஒட்டி வளைவுகள். வழியில் நிறுத்தங்களுக்கு ஊர்ப்பெயரைவிட கிலோமீட்டர் எண்தான் பெயர். கிலோமீட்டர் 82-இல் பையும் கைத்தடியுமாக நிற்கிறவர்கள் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சு போகிறவர்கள். 104-இல் இறங்குபவர்களுக்கு அதன் குட்டிப் பாதை. உங்களுக்கு 110. ஜன்னலுக்கு வெளியே பனிமலையும் கள்ளிச்செடியும் போய், சரிவில் பெரணியும் ஈரக் காடும் தொடங்கினால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நிலையத்திலிருந்து வெளியே வர ஒரு கடைத்தெருவுக்குள் புகுந்துதான் வரவேண்டும். கம்பளித் தொப்பியும் பொம்மையும் தொங்கும் அந்தச் சந்துகளில் பத்து நிமிடம் தொலைந்துபோவது சுலபம். பாலம் கடந்தால் பஸ் நிறுத்தம், அங்கே நீளமான வரிசை. முதல் பஸ் காலை 5:30. வெளிநாட்டவருக்குப் போக 12 டாலர், போய்வர 24. பஸ் சீட்டு எடுக்கவும் பாஸ்போர்ட் வேண்டும். வரிசையை நுழைவு நேரப்படி பிரித்துவிடுவார்கள். பத்து மணிச் சீட்டு வைத்திருப்பவர் ஏழு மணி வரிசையில் நின்று பயனில்லை. பஸ் பயணம் சுமார் 25 நிமிடம். 1948-இல் திறந்த மண்சாலை, ஹைரம் பிங்கம் பெயரில். 1911-இல் இந்த இடத்தை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்ன அமெரிக்கர் அவர். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலே போகும் பஸ்ஸும் கீழே வரும் பஸ்ஸும் சந்தித்தால், ஒன்று பின்வாங்கி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றது கையளவு இடைவெளியில் நழுவிப்போகும். ஓட்டுநர்களுக்கு இது சாதாரணம். பயமாக இருந்தால் உள்பக்க இருக்கை பாருங்கள். காசை மிச்சம் பிடிக்க நடந்தும் ஏறலாம். ஏறக்குறைய 400 மீட்டர் செங்குத்துப் படிகள், ஒன்றரை மணி நேரம். என்னைக் கேட்டால் ஏற பஸ், இறங்க நடை.

இப்போது மேலிருந்து கீழாகக் கணக்குப் போடுவோம். முன்பதிவில் பலர் சறுக்குவது இங்கேதான். விமானச் சீட்டு எடுத்ததும் அடுத்ததாக ரயில் பதிவு செய்கிறார்கள். அது தவறு. முதலில் கையில் இருக்கவேண்டியது மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு. பெருவின் கலாசார அமைச்சகம் நாளுக்குச் சராசரியாக 4,500 பேரையும் நெரிசல் நாட்களில் 5,600 பேர் வரையிலும்தான் அனுமதிக்கிறது. சீட்டில் நாள், மணி, எந்தச் சுற்று என்று எல்லாம் போட்டிருக்கும். சுற்று என்றால் உள்ளே நடக்கும் பாதை, மொத்தம் மூன்று. முதலாவது மேலிருந்து பார்க்க மட்டும், மூன்றாவது கீழ்ப்பகுதி, இரண்டாவதில்தான் அந்தப் படக் காட்சியும் நகரத்துக்குள் நடையும் சேர்ந்து கிடைக்கும். அதனால் இரண்டாவது மாதக்கணக்கில் முன்னதாகத் தீர்ந்துபோகும். நுழைவு நேரம் கையில் வந்தபிறகு ரயில், அதற்கப்புறம் பஸ், விடுதி.

பகல் 12 மணி நுழைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு பஸ் வரிசையில் நிற்கவேண்டும். ரயில் 10:15-க்குள் வந்து சேர வேண்டும். அப்படியானால் ஒல்லாந்தாய்தம்போவில் 8:30 வாக்கில் கிளம்பும் ரயில், 8 மணிக்கு நிலையத்தில். குஸ்கோவிலிருந்து வருபவர் 5:30-க்கு வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒல்லாந்தாய்தம்போவில் தங்கியவர் 7:30-க்கு இட்லி இல்லாத காலைச் சாப்பாட்டை முடித்தால் போதும். காலை 6 மணி, 7 மணி நுழைவு என்றால் முந்தைய இரவு மலையடிவார ஊரிலேயே தங்கியாக வேண்டும், வேறு வழி இல்லை. நுழைவுச் சீட்டு கிடைக்காமல் போனவர்களுக்கு அந்த ஊரில் நேரில் விற்க தினம் 1,000 சீட்டு ஒதுக்குகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் அடுத்த நாளைக்கானது. அதை நம்பிப் போகிறவர் இரண்டு இரவு கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. பெருவில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர், அதனால் அவர்களுடைய படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது. அந்தக் கட்டத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரையே திரும்ப நிரப்புங்கள், நுழைவு, ரயில், பஸ் மூன்றிலும் ஒரே மாதிரி. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் என்று கலக்காதீர்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. பதிவு செய்தபிறகு பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் எடுத்துப் போங்கள்.

மேலே வாசலுக்கு வெளியில்தான் கழிப்பறை, உள்ளே கிடையாது, வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். சில்லறையாக சோல், அதாவது பெரு நாட்டு நாணயம் வைத்திருங்கள். குடைக்கு அனுமதி இல்லை, மழைக்கோட்டு போதும். 40-க்கு 35-க்கு 20 சென்டிமீட்டரைவிடப் பெரிய பையை வாசலில் வைத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டாவது சுற்றுக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். இறங்கும் பஸ்ஸுக்கும் வரிசை இருக்கும், மதியத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே 12 மணிக்கு நுழைந்தவர் மாலை 5:30-க்கு முந்திய ரயிலை எடுக்கவேண்டாம். ஒல்லாந்தாய்தம்போ நிலைய வாசலில் "குஸ்கோ, குஸ்கோ" என்று கூவிக்கொண்டு வேன்கள் நிற்கும், இரவு ரயிலுக்கும் நிற்கும். அதே இரவில் குஸ்கோவிலிருந்து விமானம் என்று மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

காரணம், இந்தப் பாதை அறுபடும். 2010 ஜனவரியில் உருபம்பா வெள்ளம் தண்டவாளத்தைத் தின்றுவிட, ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ரயில் திரும்ப ஓடியபோதும் முழுத் தூரம் ஓடவில்லை. கிலோமீட்டர் 82 வரை பஸ்ஸில் கொண்டுவந்து அங்கே ரயில் ஏற்றினார்கள். 2023 ஜனவரியில் அரசியல் போராட்டத்தால் மச்சு பிச்சுவையே சில வாரம் மூடினார்கள். 2025 செப்டம்பரில் மலையேறும் பஸ்ஸின் உரிமம் யாருக்கு என்ற தகராறில் தண்டவாளத்தை மறித்தார்கள். ஆகவே குஸ்கோவுக்குத் திரும்பியபிறகு ஒரு முழு நாளாவது சும்மா இருக்கட்டும்.

ரயில் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்குப் பின்பக்க வழி ஒன்று உண்டு. குஸ்கோவிலிருந்து வேன் 4,316 மீட்டர் உயரமுள்ள அப்ரா மாலகா கணவாய் ஏறி இறங்கி, சாந்தா மரியா, சாந்தா தெரேசா கடந்து இத்ரோஎலெக்திரிகா என்ற நீர்மின் நிலையத்தில் விடும், ஆறேழு மணி நேரம். அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி 10 கிலோமீட்டர் நடை, அல்லது குட்டி ரயில். முன்பு தண்டவாளம் அதற்கு அப்பால் கில்லபாம்பா வரை போனது. 1998-இன் சேற்று வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மழை மாதங்களில் இந்த வழியைத் தொடாதீர்கள். சரிவில் மண் விழுவது அங்கே தினசரிச் செய்தி.

கடைசியாக, புறப்படுவதற்கு 10 நாள் முன்னால் முடிக்கவேண்டிய வேலை. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் பெருவை இந்தியா வைத்திருக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகமுடியாது, 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை, ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், அதன்பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே அதைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.