குத்தியவனுக்குத் தச்சுவேலை எதற்கு? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதை அப்படியே படிக்கிறேன். "என் அண்ணனைக் கத்தியால் குத்தியவன் இப்போது சிறையில் தச்சுவேலை கற்றுக்கொள்கிறான். வேளாவேளைக்குச் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் டாக்டர். என் அண்ணனால் இன்னும் வலது கையைத் தூக்க முடியவில்லை. வைத்தியச் செலவு முழுக்க எங்கள் தலையில். நீங்கள் கைதிகளின் உரிமை என்று பேசுகிறீர்கள். இது என்ன நியாயம்?"

உங்கள் கோபத்தில் எந்தத் தப்பும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அண்ணனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது ஒன்று. குத்தியவனுக்கு ஏன் கிடைக்கிறது என்பது இன்னொன்று. அவன் கையில் இருக்கும் உளியைப் பிடுங்கிவிட்டால் அண்ணன் கை தூக்க வருமா? வராது. அண்ணனுக்கு வைத்தியம் பார்ப்பது அரசின் கடமை, அதைச் செய்யாமல் விட்டது அநியாயம். அதை நான் உங்களோடு சேர்ந்து கேட்கத் தயார்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். பல் வலி. நீதிபதி தீர்ப்பில் 'ஏழு ஆண்டு சிறை' என்று எழுதுகிறார். 'இந்த ஏழு ஆண்டில் இவனுக்குப் பல் வலித்தால் வைத்தியம் பார்க்கக் கூடாது' என்று எழுதுவதில்லை. 'வார்டர் அடிக்கலாம்' என்று எழுதுவதில்லை. 'பெற்ற பிள்ளையின் முகத்தைக் காட்டாதே' என்றும் எழுதுவதில்லை. அடைத்து வைப்பதுதான் தண்டனை. உள்ளே யாராவது அதற்கு மேல் ஒரு துன்பத்தைச் சேர்த்தால், அது எந்த நீதிமன்றமும் கொடுக்காத தண்டனை. கைதிகளை நடத்த வேண்டிய முறை பற்றி ஐ.நா. சபை 2015-இல் திருத்தி ஏற்றுக்கொண்ட 122 விதிகள் இருக்கின்றன. நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர். அதில் மூன்றாவது விதி இதைத்தான் சொல்கிறது. 24-ஆவது விதி, வெளியே மக்களுக்கு என்ன தரத்தில் வைத்தியம் கிடைக்கிறதோ அதே தரம் உள்ளேயும் வேண்டும் என்கிறது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனித முகம் காணாமல் ஒருவனை அடைத்தால் அது தனிமைச் சிறை. அதுவும் தொடர்ந்து 15 நாளைத் தாண்டவே கூடாது என்கிறது.

மண்டேலா பெயர் சும்மா வைத்ததில்லை. 27 வருடச் சிறைவாசத்தில் 18 வருடம் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் இருந்தார். ஆரம்ப காலத்தில் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, அதுவும் அரை மணி நேரம். 1968-இல் அம்மா இறந்தார். மறு வருடம் மூத்த மகன் விபத்தில் இறந்தார். இரண்டு சாவுக்கும் போக அனுமதி கிடைக்கவில்லை. "அவர் அரசியல் கைதி, இவன் கத்தியெடுத்தவன்" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தாயின் சாவுக்குப் போகக்கூடாது என்று எந்தக் கைதியின் தீர்ப்பில் எழுதியிருக்கிறது?

நம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1970-களின் கடைசியில், திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை. இன்னொரு கைதியின் உறவினர்களிடமிருந்து பணம் கறக்க ஒரு வார்டர் அந்தக் கைதியைச் சித்திரவதை செய்கிறார் என்று எழுதினார். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வெறும் கடிதம். நீதிமன்றம் அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர். பிறகு 1957-இல் கேரளத்தில் அமைச்சரானபோது சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. சிறையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். சாகப்போகிறவன் அடுத்தவனுக்காக எழுதிய கடிதம் அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடும்.

எங்கேயோ போய்விட்டேன். தச்சுவேலைக்கு வருகிறேன். 1998-இல் கைதிகளின் கூலி பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வேலை வாங்கினால் நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அந்தக் கூலியில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க வழி செய்ய வேண்டும் என்றது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குத்தியவன் சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் அண்ணனுக்கு அவனிடமிருந்து ஒரு காசு வராது. அவன் நாற்காலி செய்தால் வர ஒரு வழியாவது உண்டு. நீங்கள் எதிர்த்துக் கேட்ட அந்த உளி உங்கள் அண்ணன் பக்கம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2013-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தது. சிறைக்குள் படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தவர்கள் திரும்பக் குற்றத்துக்குப் போகும் வாய்ப்பு, சேராதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று வந்தது.

உண்மையைச் சொன்னால், நீங்கள் வேறொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவன் வெளியே வரும் நாளில் என்ன நடக்கும்? உள்ளே போனவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு நாள் வெளியே வருவார்கள். உங்கள் அண்ணன் நடக்கும் அதே சாலையில் அவனும் நடப்பான்.

போன பதிவில் சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட ஜான் ஹோவர்ட் பற்றிச் சொன்னேன். 1773-இல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் பகுதிக்கு ஷெரிஃப் ஆனவர், அதாவது அந்தப் பகுதிச் சிறைக்கும் பொறுப்பான அதிகாரி. சிறையைப் போய்ப் பார்த்தால், குற்றமற்றவர் என்று தீர்ப்பானவர்களும் ஜெயிலருக்குக் கட்ட வேண்டிய கட்டணத்துக்குப் பணமில்லாமல் உள்ளேயே கிடந்தார்கள். அன்றைக்குக் கதவு திறக்கவில்லை. இன்றைக்குக் கதவு திறக்கிறது, ஆனால் கதவுக்கு வெளியே ஒன்றும் இருப்பதில்லை. அடையாளச் சான்று இல்லை, மாற்றுத் துணி இல்லை, வேலை கேட்டுப் போனால் 'இத்தனை வருடம் எங்கே இருந்தாய்' என்ற கேள்வி. மண்டேலா விதிகளில் 108-ஆவதைப் பாருங்கள். வெளியே வருபவருக்குச் சான்று ஆவணம், தங்க இடம், வேலை, பருவத்துக்கு ஏற்ற நல்ல துணி, ஊர் போய்ச் சேர வழி, எல்லாம் வேண்டும் என்கிறது. துணியைக் கூட மறக்காமல் எழுதிய அந்தக் கைக்கு நான் நன்றி சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அப்பா பதினொரு வருடம் கழித்து வெளியே வந்தார். வீட்டில் விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். கொட்டடியில் இரவு முழுக்க விளக்கு எரியும், அதன் சுவிட்ச் வேறெங்கோ இருக்கும். பதினொரு வருடமாக அவர் ஒரு விளக்கைக்கூடப் போட்டு அணைத்ததில்லை. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எதுவும் அவர் முடிவு செய்ததில்லை. மகள் டீயா காபியா என்று கேட்டால் பதில் சொல்லத் திணறினாராம். நார்வேயில் 2010-இல் திறந்த ஹால்டன் சிறையில் கைதிகள் தாங்களே சமைக்கிறார்கள், சிறைக் கடையில் தாங்களே சாமான் வாங்குகிறார்கள். சொகுசு என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது பயிற்சியாகத் தெரிகிறது. முடிவெடுக்கும் பழக்கம் ஒருவனுக்கு விட்டுப்போனால், வெளியே வந்ததும் முதலில் கூப்பிடும் பழைய கூட்டாளியின் முடிவே அவன் முடிவாகிவிடும்.

உங்கள் அண்ணனுக்கு ஒன்று செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. வைத்திய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். மனு கொடுத்த பிறகு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அந்த அப்பா தானாக எழுந்து போய் விளக்கை அணைத்தது நான்காவது மாதத்தில் என்று மகள் சொன்னார். பரோல் பற்றி இன்னொரு நேயர் நீளமாகக் கேட்டிருக்கிறார், அதை அடுத்த பதிவில் எடுத்துக்கொள்கிறேன்.